பிரெஞ்சு ஃப்ரைஸும் பறங்கிக்காயும்

அன்புள்ள மகளுக்கு,

உருளைக்கிழங்கு ஃப்ரைஸ் போட்டால் தொய்ந்து போகிறது, பெல்ஜியத்துக்காரர்கள் உரிமை கொண்டாடும் பண்டத்துக்குப் பிரெஞ்சுப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டிருந்தாய்.

முதல் உலகப் போரின்போது பெல்ஜியத்தில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள், அங்கே பிரெஞ்சு பேசுவதைக் கேட்டு வைத்த பெயர் என்பார்கள். நம்பாதே. 1856-இல் வந்த ஆங்கிலச் சமையல் புத்தகத்திலேயே அந்தப் பெயர் இருக்கிறது. கொதிக்கும் கொழுப்பில் முக்கிப் பொரிப்பதைப் பிரெஞ்சுக்காரர் பக்குவம் என்று ஆங்கிலேயர் நினைத்தார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. பிரான்ஸில் அதற்கு வெறும் 'ஃப்ரீத்', பொரித்தது, அவ்வளவுதான். ஈராக் போரை பிரான்ஸ் எதிர்த்த கோபத்தில் 2003-இல் அமெரிக்க நாடாளுமன்ற உணவகத்தில் 'ஃப்ரீடம் ஃப்ரைஸ்' என்று மாற்றினார்கள். 2006-இல் சத்தமில்லாமல் பழைய பெயரே திரும்பி வந்தது.

தொய்வதற்குக் காரணம் ஒரே தடவையில் பொரிப்பதுதான். மாவுப்பாங்கான பழைய கிழங்கை ஒரு சென்டிமீட்டர் கனத்தில் நறுக்கி, அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு, ஈரம் போகத் துணியால் ஒற்று. 150 டிகிரி எண்ணெயில் ஐந்தாறு நிமிடம். உள்ளே வேக வேண்டும், நிறம் மாறக் கூடாது. எடுத்து ஆறவிட்டு, 185 டிகிரியில் இரண்டு மூன்று நிமிடம். உப்பு கடைசியில்தான். கிழங்கை ஃப்ரிட்ஜில் வைக்காதே. குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, வேகும் முன்பே கருகிக் கசக்கும்.

பிரெஞ்சு டோஸ்ட் பிரான்ஸுக்கும் மூத்தது. ரொட்டியைப் பாலில் நனைத்துப் பொரித்துத் தேன் ஊற்றுவது ரோமானியர் பழக்கம். 1660-ஆம் ஆண்டு ஆங்கிலப் புத்தகம் ஒன்று 'பிரெஞ்சு டோஸ்ட்' என்று சொல்வதில் முட்டையே கிடையாது. சுட்ட ரொட்டியை ஒயினில் ஊறவைத்து, சர்க்கரையும் ஆரஞ்சுச் சாறும் சேர்ப்பதுதான். பிரெஞ்சுக்காரர் இதை 'வீணாய்ப் போன ரொட்டி' என்கிறார்கள். செய்பவளுக்கு அந்தப் பெயர்தான் உபயோகம்: நேற்றைய ரொட்டியாக இருந்தால் பால் குடித்தும் உருக்குலையாது, புதுசு கூழாகிவிடும். நான்கு துண்டுக்கு இரண்டு முட்டை, 150 மில்லி பால் போதும்.

காபிப் பொடியை வெந்நீரில் ஊறவிட்டு, சல்லடையால் அமுக்கி வடிக்கும் பிரெஞ்சு பிரஸ்ஸுக்குப் பிரான்ஸில் 1852-இலேயே காப்புரிமை எடுத்தார்கள் என்றாலும், இன்றைய வடிவத்துக்கு வழி காட்டியது 1929-இல் மிலான்காரர்கள் இருவர் வாங்கிய காப்புரிமை. அதில் நம் ஃபில்டர் காபிப் பொடியைப் போடாதே. நைசாக இருப்பதால் அமுக்கவும் வராது, கோப்பையில் வண்டலும் நிற்கும். ரவை போல் கொரகொரப்பாக அரைத்த பொடி 30 கிராம், அரை லிட்டர் தண்ணீர், நான்கு நிமிடம்.

விருந்தில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்புவது ஆங்கிலேயருக்கு 'பிரெஞ்சு லீவ்'. பிரெஞ்சுக்காரரோ அதையே 'ஆங்கிலேயர் பாணியில் நழுவுவது' என்கிறார்கள். சிபிலிஸ் எனும் மேகநோயையும் இப்படித்தான் இத்தாலியர் பிரெஞ்சு நோய் என்றார்கள், பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள்.

நாமும் சளைத்தவர்கள் இல்லை. பிரான்ஸுக்குப் பெயர் தந்த பிராங்க் இனத்தாரை வைத்து அராபியரும் பாரசீகரும் ஐரோப்பியர் எல்லாரையும் 'ஃபரங்கி' என்றார்கள். அது இங்கே பறங்கியாகி, போர்ச்சுக்கீசியர் தலையில் விழுந்தது. பறங்கிமலை அப்படி வந்த பெயர்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் தாண்டி வந்த பூசணியைப் பறங்கிக்காய் என்று நாம் கூட்டு வைக்கிறோம். நீ வாங்கும் பிரெஞ்சு பீன்ஸும் அதே கண்டத்துச் செடிதான்.

அன்புடன்,
அப்பா