பறக்கும் ரயில் பாதையில் டிராம் விடலாமே

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழும அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்னையில் தூண்கள் மேல் ஓடும் பறக்கும் ரயிலை மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பேச்சு பல வருடமாக ஓடுகிறது. யார் கைக்குப் போனாலும் சரி, அதில் என்ன வண்டி ஓடப்போகிறது என்பதுதான் என் கவலை. நீளமான ரயிலை விட்டுவிட்டு, சாலையில் பதித்த தண்டவாளத்திலும் ஓடக்கூடிய டிராம் போன்ற சின்ன வண்டிகளை அடிக்கடி விடுங்கள்.

1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை வந்து, 1997-இல் மயிலையையும் 2007-இல் வேளச்சேரியையும் தொட்ட பாதை இது. நடுப்பகலில் போய்ப் பாருங்கள்: கல்யாண மண்டபம் போல நிலையங்கள், பந்திக்குத்தான் ஆள் இல்லை. ஒரு நிலையத்தில் பூக்கூடையோடு ஏறிய அம்மா, மேலே ரயில் கிளம்பும் சத்தம் கேட்டதும் பாதிப் படியிலேயே கூடையை இறக்கி உட்கார்ந்துவிட்டார். "இனி அடுத்ததுக்குத்தானே, என்ன அவசரம்?" என்றார். அடுத்தது வருவதற்குள் கீழே இரண்டு பஸ் போய்விட்டது.

ஜப்பானின் தொயாமா நகரத்திலும் இப்படி ஒரு பாதை இருந்தது. துறைமுகத்துக்குப் போகும் ஏழெட்டு கி.மீ. ரயில், பகலில் ஏறக்குறைய மணிக்கு ஒன்று. 2006-இல் அதை டிராம் ஆக்கினார்கள். 15 நிமிடத்துக்கு ஒரு வண்டி, கூடுதல் நிறுத்தங்கள், இரவு 11 மணி வரை சேவை. வார நாட்களில் பயணிகள் ஏறக்குறைய இரண்டு மடங்கானார்கள்.

"டிராம் படி தாழ்வா இருக்கும், நம் பிளாட்பாரம் உயரமாச்சே" என்பீர்கள். மான்செஸ்டரிலும் அதே சிக்கல்தான். 1992-இல் பரி, ஆல்ட்ரிங்கம் ரயில் பாதைகளை டிராமுக்கு மாற்றியபோது அவர்கள் பிளாட்பாரத்தை இடிக்கவில்லை. அந்த உயரத்துக்கே டிராம் வாங்கினார்கள். காலையில் தரமணிக்குக் கூட்டம் தாங்காது என்றால் இரண்டு வண்டிகளைக் கோத்து ஓட்டலாம். டிராம் ஓரளவு செங்குத்தான சரிவிலும் ஏறி இறங்கும் என்பதால், பின்னாளில் சாலைக்கு இறக்கவும் வழி இருக்கும்.

டிராம் என்றதும் சிரிக்க வேண்டாம். 1895-லேயே மின்சார டிராம் ஓடிய ஊர் இது. 1953-இல்தான் நிறுத்தினோம்.

டெண்டர் விடுவதற்கு முன் நீளமான ரயில், டிராம் என்ற இரண்டு வழிகளின் செலவையும் ஒப்பிட்டு ஓர் அறிக்கை வெளியிடுங்கள், தமிழிலும். மதியம் இரண்டு மணிக்கு எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி என்பதை அதன் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
பறக்கும் ரயில் பயணி ஒருவர்