நிக்கோடிமஸ் பயணம்: பெற்றோர்களுக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஜூலை கடைசி சனிக்கிழமை, நம் தமிழ்ப் பள்ளியின் மேல்வகுப்புப் பிள்ளைகளை நிக்கோடிமஸ் ஊருக்கு அழைத்துப் போகிறோம். "இத்தனை வருஷம் கான்சஸில் இருக்கிறோம், பேரே கேள்விப்பட்டதில்லையே" என்று சிலர் போனில் கேட்டீர்கள். ஊரின் கதை தெரிந்தால் வழியெல்லாம் பிள்ளைகளோடு பேசிக்கொண்டு போகலாம்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்த பிறகும், தென் மாநிலங்களில் கருப்பின மக்களுக்குச் சொந்த நிலம் எட்டாத ஒன்றாகவே இருந்தது. கான்சஸிலோ, 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி, ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் வரை சொந்தமாகும். 1877இல் ஹில் என்ற வெள்ளைக்கார நில வியாபாரியும் ஸ்மித் என்ற கருப்பினப் போதகரும் சேர்ந்து, சாலமன் ஆற்றங்கரையில் இந்த ஊருக்கு மனை போட்டார்கள். அவர்கள் கொடுத்த விளம்பரத்தை நம்பி, கென்டக்கி மாநிலத்திலிருந்து கருப்பின மக்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். எல்லிஸ் என்ற ஊர் வரை ரயில். அப்புறம் இரண்டு நாள் புல்வெளி.

1878இல் வந்த வில்லியானா ஹிக்மன் ஊர் எங்கே என்று தேடியிருக்கிறார். கணவர் கை காட்டிய இடத்தில் தரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அதுதான் ஊர். பார்த்ததும் அழுதுவிட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

"தரைக்குள்ளிருந்து எப்படி டீச்சர் புகை வரும்?" என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். அங்கே வீடு கட்ட மரம் கிடையாது. மேட்டைக் குடைந்து, மேலே கிளை பரப்பி, புல்லோடு பெயர்த்த மண்கட்டிகளை அடுக்கி, அதற்குள் குடியிருந்தார்கள். போன ஞாயிறு செருப்புப் பெட்டியிலும் தோட்டத்து மண்ணிலும் பிள்ளைகள் அப்படி ஒரு வீடு செய்தார்கள். தண்ணீர் தெளித்ததும் கூரை உள்ளே விழுந்தது. அதன் பிறகு யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சிலர் வந்த வேகத்திலேயே திரும்பிப் போனார்கள். இருந்தவர்களுக்கு ஏர் இல்லை, மாடு இல்லை. மண்வெட்டியால் கொத்தி விதைத்தார்கள். முதல் குளிர்காலத்தில், வேட்டை முடிந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் கொடுத்த இறைச்சி பலரைக் காப்பாற்றியது.

ஆசிரியராக என் மனம் நிற்பது ஜென்னி ஃபிளெச்சரிடம். இவர்தான் ஊரின் முதல் ஆசிரியை. பள்ளிக் கட்டடம் வரும்வரை காத்திருக்காமல், அந்த மண்குழி வீட்டிலேயே பாடம் நடத்தினார். ஊர் ஓரளவு தலைதூக்கியபோது, ரயில்பாதை போடச் சொல்லி 16,000 டாலர் கடன் பத்திரத்துக்கு மக்கள் வாக்களித்தார்கள். ரயிலோ 1888இல் ஆற்றின் தென்பக்கமாகப் போய்விட்டது. கடைகளும் அதன் பின்னே போயின. இன்று அங்கே குடியிருப்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஆனால் ஜூலைக் கடைசியில் அந்தக் குடும்பங்களின் பேரன் பேத்திகள் பல மாநிலங்களிலிருந்து ஊர் திரும்புகிறார்கள். அதனால்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தோம். பெரியவர்களைக் கண்டால் வணக்கம் சொல்லி, அவர்கள் பேச விரும்பினால் மட்டும் கேட்கும்படி பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

சம்மதப் படிவத்தை வரும் ஞாயிறுக்குள் கொடுத்துவிடுங்கள். காரில் இடம் இருப்பவர்கள் அதிலேயே குறிப்பிடவும். காலை ஐந்தரைக்குப் புறப்படுகிறோம். தண்ணீரும் மதியத்துக்குக் கட்டுச்சோறும் தேவை. குடை வேண்டாம், அந்தக் காற்றுக்கு நிற்காது. கயிறு வைத்த தொப்பி கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்