‘சும்மாதான் கீறேன்’ என்றால் அப்படியே எழுதிவிடாதீர்கள்

2027 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வடசென்னைத் தெருக்களுக்கு வரப்போகும் ஆசிரியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும். அப்புறம், குடும்ப நல ஆய்வு, நேரப் பயன்பாட்டு ஆய்வு என்று மாதிரிக்காகப் பொறுக்கியெடுத்த சில வீடுகளை மட்டும் தேடி வருகிறவர்களுக்கும்,

வணக்கம். நான் காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் ஹெல்த் போஸ்ட்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் கையில் செல்போன் இருக்கும். என் கையில் கோடு போட்ட நீள ரிஜிஸ்டர் இருந்தது. மற்றபடி வேலை ஒன்றுதான்: படியேறி, கதவைத் தட்டி, உள்ளே இருப்பவர் சொல்வதைக் கட்டத்துக்குள் எழுதுவது. அந்தக் கட்டத்தில் நான் வருடக்கணக்காகச் செய்த ஒரு தப்பைச் சொல்லத்தான் இந்த மடல்.

குப்பத்தில் ஓர் அம்மா. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, அன்னக்கூடையோடு துறைமுகத்துக்குப் போய், ஏலத்தில் மீன் எடுத்து, தெருத்தெருவாக விற்றுவிட்டு, பதினோரு மணி வாக்கில் வீடு திரும்புவார். மிஞ்சியதை உப்புப் போட்டுக் கருவாட்டுக்குக் காயவைப்பார். நான் போனபோது கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். "என்னம்மா வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டேன்.

"வேல இன்னா வேல நர்ஸம்மா, வூட்ல சும்மாதான் கீறேன். அவருதான் போட்டுக்குப் போறாரு."

நான் ‘இல்லத்தரசி’ என்று எழுதினேன். அவர் முழங்கை வரைக்கும் செதிள் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் எழுதினேன். அடுத்த வீட்டில் மடி நிறைய மல்லி வைத்து முழக்கணக்கில் பூ கட்டுகிறவருக்கும் அதே சொல். வண்ணாரப்பேட்டையிலிருந்து துணி மூட்டை வாங்கிவந்து, பீஸுக்கு இவ்வளவு என்று பிசிறு வெட்டுகிறவருக்கும் அதே சொல்.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. ‘வேலை’ என்றால் எங்கள் பக்கம் மாதச் சம்பளம் வருவது, முடிந்தால் கழுத்தில் அட்டை தொங்குவது. மீன் விற்பது வியாபாரம். பூ கட்டுவது பூ கட்டுவதுதான், அதற்கென்ன பெயர்? அதனால் தயவுசெய்து அந்தச் சொல்லையே எடுக்காதீர்கள். "நேத்து எத்தனை மணிக்கு எழுந்தீங்க, அப்புறம் என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். மூன்று நிமிடம் கூடுதலாகும். கட்டம் சரியாக நிரம்பும்.

படிவத்தில் இடமில்லை என்று சொல்ல முடியாது. குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் செய்வதும் வேலைதான் என்று 1991 கணக்கெடுப்பிலேயே கேள்விக்குள் சேர்த்துவிட்டார்கள். புருஷன் படகு மீனைக் காயவைத்துக் கருவாடாக்குகிற பெண் அந்தக் கணக்குப்படி தொழிலாளி. கேள்வியைப் படிக்கும்போது அந்தத் துண்டை விழுங்கிவிடுகிறோம், அவ்வளவுதான். இன்னொரு சிக்கல், ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்தாரா, குறைவாகச் செய்தாரா என்று பிரிக்கிற கோடு. இப்படி மொட்டையாகக் கேட்டால் மீன்காரம்மா மனசுக்குள் முதலில் கழிப்பது 61 நாள் தடைக்காலத்தை. அப்புறம் புயல் நாள், மழை நாள். "கொஞ்ச நாளுதான்" என்று முடித்துவிடுவார். மாதம் மாதமாகக் கூட்டச் சொன்னால் எட்டு, ஒன்பது வரும்.

இதையெல்லாம் ஒரு ஓய்வுபெற்ற நர்ஸ் ஏன் பிடித்துத் தொங்குகிறாள் என்று கேட்பீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்களை அளந்தது ஒரே எண்தான்: மாதத்துக்கு எத்தனை குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். அதற்குப் பெயர் ‘கேஸ் பிடிப்பது’. மார்ச் நெருங்கினால் தூக்கம் போய்விடும். 1994இல் கெய்ரோவில் நடந்த ஐ.நா. மக்கள்தொகை மாநாட்டில் 179 நாடுகள் கூடி, மக்கள்தொகையைத் தலை எண்ணிக்கையாகப் பார்ப்பதை விட்டு, பெண்ணின் உடல்நலம், படிப்பு, அவளுடைய முடிவு ஆகியவற்றை வைத்துப் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டன. அங்கே நடந்தது எங்களுக்கு அப்போது தெரியாது. 1996இல் ‘இனி டார்கெட் கிடையாது’ என்று உத்தரவு வந்தபோதுதான் எங்கேயோ ஏதோ நடந்திருக்கிறது என்று புரிந்தது. அன்றைக்கு நாங்கள் டீயோடு பஜ்ஜியும் வாங்கிச் சாப்பிட்டோம்.

டார்கெட் போனது. ஆபரேஷன் டேபிளில் படுப்பது யார் என்பது மாறவில்லை. 2019-21 குடும்ப நல ஆய்வில், இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்; ஆண்கள் பக்கம் 0.3. "அவரு பாரம் தூக்கறவரு, அவருக்கு வேணாம் நர்ஸம்மா" என்று எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருப்பார்கள்! ஆபரேஷன் முடிந்து தையல் ஆறுவதற்குள் மீன் கூடையைத் தலையில் ஏற்றியவர்களும் அவர்கள்தான்.

2015இல் ஐ.நா. 17 இலக்குகள் வைத்தது. அவற்றுக்குள் வரும் ஒன்று, 2030க்குள் உலகில் ஒரு லட்சம் பிரசவத்துக்குத் தாய் இறப்பு 70க்குக் கீழே வரவேண்டும் என்பது. தமிழ்நாடு 2018-20 கணக்கிலேயே 54. அப்போது நாடு முழுவதும் சேர்த்து 97. இதில் எங்களுக்கும் பங்கு உண்டு, பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் 2019-21 குடும்ப நல ஆய்வில், அதே தமிழ்நாட்டில் 15 வயதிலிருந்து 49 வரையான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. என் ரிஜிஸ்டரில் ‘இரும்புச்சத்து மாத்திரை 100 வழங்கப்பட்டது’ என்று ஒரு பத்தி இருந்தது. வழங்கினேன், பொய்யில்லை. ஒருநாள் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். டம்ளர் எடுக்க அந்தப் பெண் அலமாரியைத் திறந்தபோது, நான் கொடுத்த அட்டைகள் பிரிக்காமல் ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கியிருந்தன. குமட்டுகிறது, வெளிக்குக் கறுப்பாகப் போகிறது என்றாள். முழுங்கினாயா என்று கேட்க என் ரிஜிஸ்டரில் பத்தி இல்லை.

வீட்டு வேலையும் அந்த இலக்குகளுக்குள் இருக்கிறது. சம்பளமில்லாத சமையல், துவைப்பு, பராமரிப்புக்கு எத்தனை நேரம் போகிறது என்று நாடுகள் சொல்ல வேண்டும். 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் நாளுக்கு அதற்குச் செலவழித்தது 289 நிமிடம், ஆண்கள் 88. ஐந்து ஆண்டுக்கு முன் இது 299, 97. இரண்டு பக்கமும் கொஞ்சம் குறைந்திருக்கிறது, இடைவெளி அப்படியே. எங்கள் தெருவில் தண்ணி லாரிக்காகக் குடத்தோடு நின்ற நேரத்தை யாராவது சேர்த்தார்களா என்பது என் சந்தேகம். "சும்மா நின்னுக்கினு இருந்தேன்" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

நியூயார்க்கில் ஐ.நா. சபையில் வண்ணப் படமாகத் தொங்கும் எண்ணெல்லாம் யாரோ ஒருவர் ஒரு வாசலில் நின்று கேட்டதிலிருந்து போனது. 1984இலிருந்து தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் இப்படி வீடு வீடாகக் கேட்ட ஓர் ஆய்வுத் திட்டத்தை, 2025 தொடக்கத்தில் அமெரிக்கா பணத்தை நிறுத்தி முடக்கியது. பல ஏழை நாடுகளுக்கு அதுதான் ஒரே கணக்கு. நமக்கு நம் காசில் குடும்ப நல ஆய்வு நடக்கிறது, சரி. ஆனால் அது மாவட்டத்துக்குக் கீழே இறங்காது. காசிமேட்டையும் வசதியான அடையாற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்கி ‘சென்னை’ என்று ஒரு எண் வரும். வார்டு வாரியாக எங்களைத் தனியாகக் காட்டுவது நீங்கள் எடுக்கும் கணக்கு. அதுவும் 2011க்குப் பிறகு இப்போதுதான் வருகிறது. இந்த முறை தப்பாக எழுதினால் இன்னொரு பத்து வருடம் அந்த அம்மா சும்மாதான் இருப்பார்.

மாதிரி வீடு தேடி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தாளில் ‘உடம்பு முடியாவிட்டால் டாக்டரிடம் போவதை யார் முடிவு செய்வது?’ என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதை மாமியார் காதுபடக் கேட்டால் "அவங்கதான் சொல்வாங்க" என்று வரும். "ரெண்டு பேரும் பேசி" என்று சொன்ன ஒருத்தியே, பிறகு மாடிப்படி வரை என் பையைத் தூக்கிவந்து, நாலு மாதமாக வெள்ளைப்படுவதையும் போக விடவில்லை என்பதையும் சொன்னாள். ஒற்றை அறை வீட்டில் தனியாகப் பேச இடம் ஏது? மொட்டைமாடியில் துணி காயப்போடும் இடம் ஒன்று உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள்.

எப்போது வருவது என்றால், காலை பத்து மணிக்கு முன்னால் குப்பத்தில் பெண்கள் யாரும் இருக்க மாட்டார்கள். இருக்கும் ஆண் எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுவார். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை தூங்குவார்கள், எழுப்பினால் எல்லாக் கேள்விக்கும் "இல்ல" என்பார்கள். நாலு மணிக்கு மேல் சரி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் காசிமேடு பக்கம் வரவேண்டாம், மீன் வாங்க வரும் கூட்டத்தில் தெருவுக்குள் நுழையவே முடியாது. பழைய குடிசை மாற்று வாரிய வீடுகளில் லிஃப்ட் கிடையாது, கையில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பழைய ரிஜிஸ்டர்களை இன்னும் கட்டிலுக்கடியில் வைத்திருக்கும்
ஒரு நர்ஸம்மா