அவருக்குப் பார்த்ததும் எனக்கும் ஒருமுறை பிரஷர் பாருங்கள்

வேலூர் மாவட்டத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்காக வீடு வீடாக வரும் தன்னார்வலர்களுக்கும் செவிலியர்களுக்கும் பிசியோதெரபி பணியாளர்களுக்கும் வணக்கம்.

2021 ஆகஸ்டில் திட்டம் தொடங்கியதிலிருந்து குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டுப் பக்கமெல்லாம் இந்த வேலூர் வெயிலில் நடந்து வருகிறீர்கள். எங்கள் வீட்டுக்குள் உரிமையோடு வருகிற வெளியாட்கள் நீங்கள்தான். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். பார்கின்சன் என்கிற நடுக்குவாத நோயாளி இருக்கும் வீட்டில், அவரைப் பார்த்து முடித்ததும் அவரைப் பார்த்துக்கொள்கிறவரையும் ஒரு நிமிஷம் பாருங்கள்.

என் கணவர் தறி நெய்தவர். இந்த நோய் வந்து பல வருஷமாகிறது. கை நடுக்கம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அது எங்களுக்குப் பெரிய பாரமில்லை. முகத்தசைகள் இறுகிப்போனதால் அவர் சிரிப்பதே தெரிவதில்லை. குரலும் உள்ளே போய்விட்டது. ஆசையாகச் செய்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டு முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் உட்கார்ந்திருப்பார். அது நோய் என்று புத்திக்குத் தெரியும். ஆனால் நாள் முழுக்க அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் மனசுக்கு அது தெரிய மாட்டேன் என்கிறது.

இன்னொன்றும் உண்டு. மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் அவர் எழுந்து நடப்பார். அதன் வேகம் குறைந்ததும் வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுவார். உறவுக்காரர்கள் வருவது பெரும்பாலும் அவர் நடக்கிற நேரத்தில். "நல்லாத்தானே கீறாரு, நீ இன்னாத்துக்கு இவ்ளோ பயப்படுற?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நீங்கள் வரும்போதும் அவர் நன்றாக இருக்கலாம். தயவுசெய்து அதை வைத்து எங்களை எடை போடாதீர்கள். காலையில் முதல் மாத்திரை ஏறுவதற்கு முன்னால் எப்படி இருந்தார் என்று கேளுங்கள்.

இரவுகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கனவில் யாரையோ அடிப்பதாக நினைத்துப் பக்கத்தில் படுத்திருப்பவரை உதைப்பது இந்த நோயில் உண்டு. இல்லாத ஆள் மூலையில் உட்கார்ந்திருப்பதாகச் சொல்வதும் உண்டு. மாத்திரையாலும் அது வரலாம். இதைக் காத்து கருப்பு என்று மந்திரிக்க அழைத்துப் போகும் குடும்பங்களை எனக்குத் தெரியும். டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றிப் பார்ப்பார், நீங்களாக மாத்திரையைச் சட்டென நிறுத்தக்கூடாது என்று நீங்கள் சொன்னால் கேட்பார்கள். நாங்கள் சொன்னால் எடுபடாது.

தூக்கம் கெட்டவளுக்குக் கோபம் வரும். கோபப்பட்ட பிறகு, முடியாதவரிடம் போய்க் கத்திவிட்டோமே என்ற குற்ற உணர்ச்சி வரும். இதை எந்தப் பெண்ணும் புருஷன் எதிரே சொல்ல மாட்டாள், மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகள் அவர் எதிரே சொல்லவே மாட்டாள். அதனால் அடுப்படிக்கோ பின்கட்டுக்கோ வந்து தனியாகக் கேளுங்கள். "நல்லா இருக்கீங்களா?" என்றால் "இருக்கேன்" என்றுதான் பதில் வரும். "ராத்திரி தூங்கினீங்களா? கடைசியா எப்போ வெளியே போனீங்க?" என்று கேட்டால் உண்மை வரும். அப்படியே எங்கள் கையிலும் பிரஷர் பட்டையைக் கட்டிப் பாருங்கள்.

அழுகை நிற்காதவருக்கும், செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று சொல்கிறவருக்கும் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எழுதிக் கொடுங்கள். கட்டணமில்லை, தமிழில் பேசலாம். அவரைத் தனியாக விடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தகவல் சொல்லுங்கள். பணக்கவலையும் மனசைத் தின்கிறது. 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தில் பார்கின்சனும் இருக்கிறது, தமிழக அரசு இந்த நோய்க்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது என்பது எங்கள் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்? மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள், போதும்.

கடைசியாக, உங்கள் மேலதிகாரிகளிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். மாதத்தில் ஒரு பிற்பகல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் எங்களைப் போன்றவர்கள் கூடி உட்கார ஒரு அறை வேண்டும். அந்த நேரத்துக்கு வீட்டில் நோயாளியோடு இருக்கப் பயிற்சி பெற்ற ஒருவரும் வேண்டும். அறை மட்டும் கொடுத்தால் எங்களால் வர முடியாது. மதிய மாத்திரை கொடுத்த பிறகு, மூன்று மணிக்கு மேல் வைத்தால் பலருக்கும் தோதுப்படும்.

இப்படிக்கு,
குடியாத்தத்திலிருந்து ஒரு மனைவி