ஜப்பானுக்குப் புறப்படவிருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கணக்காய்வு வேலையை விட்டுவிட்டு ஓராண்டு ஜப்பானில் தங்கி, மொழியையும் கற்றுக்கொண்டு, இனி எந்தத் தொழிலில் இருப்பது என்றும் முடிவெடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். அம்மாவுக்கு இது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகப் படுகிறது. எனக்கு அப்படிப் படவில்லை. ஆனால் உன் இரண்டு நோக்கங்களும் கைகூடுமா என்பது அங்கே நீ எந்த வேலையில் சேர்கிறாய் என்பதைப் பொறுத்தது என்பதால், விண்ணப்பிக்கும் முன்பே இதை எழுதுகிறேன்.

நீ விண்ணப்பிக்கப் போவது ஒர்க்கிங் ஹாலிடே விசாவுக்கு, அதாவது விடுமுறைக்குப் போய், செலவுக்கு வேலையும் செய்துகொள்ளும் விசாவுக்கு. இந்த ஏற்பாட்டை ஜப்பான் 1980இல் முதன்முதலில் ஆஸ்திரேலியாவோடுதான் செய்துகொண்டது. இந்தியாவோடும் இலங்கையோடும் அப்படி ஓர் ஒப்பந்தம் இல்லை. ஊரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காத வாய்ப்பு, உன் ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டினால் உனக்குக் கிடைத்திருக்கிறது. மாணவர் விசாவில் போகிறவர்கள் தனி அனுமதி பெற்றாலும் பள்ளி நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை செய்யலாம். உனக்கு அந்த வரம்பு இல்லை. மதுக்கூடம், இரவு விடுதி போன்ற இடங்களில் மட்டும் வேலை செய்யக் கூடாது.

வரம்பு இல்லாததில்தான் சிக்கலும் இருக்கிறது. ஹொக்கைதோவின் நிசெகோவிலும் நாகானோவின் ஹகுபாவிலும் பனிச்சறுக்குக் காலத்தில் ஆஸ்திரேலியர்கள் வந்து குவிவார்கள். ஆங்கிலம் தெரிந்த உன்னைப் போன்றவர்களுக்கு அங்கே வேலை எளிதில் கிடைக்கும். காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை ஆங்கிலத்திலேயே வாழ்ந்துவிட்டு, நிறைய நண்பர்களோடும் பத்து வார்த்தை ஜப்பானியத்தோடும் திரும்பி வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பனிச்சறுக்குதான் நோக்கம் என்றால் அதில் தவறில்லை. உன் நோக்கம் அதுவல்லவே.

வெளிநாட்டார் அதிகம் வராத ஒரு வெந்நீரூற்று ஊரில், ஏதாவது ஒரு ரியோகானில், அதாவது ஜப்பானிய மரபுவழித் தங்கும் விடுதியில் சேர். உள்ளூர் இளைஞர்கள் 'ரிசார்ட் பைட்டோ' என்று சொல்லும் பருவகால வேலை இது. பெரும்பாலும் தங்குமிடமும் சாப்பாடும் அவர்களே கொடுத்துவிடுவார்கள் என்பதால் சம்பளம் குறைவாக இருந்தாலும் கையில் பணம் நிற்கும். நான் இருந்த விடுதியில் தொலைபேசி மணி அடித்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அழைப்பவரின் பெயரைக் கதகனா என்னும் ஒலி எழுத்துகளில் குறித்து, எத்தனை பேர், எந்த ரயிலில் வருகிறார்கள், யாருக்கு எறால் ஒத்துக்கொள்ளாது என்று கேட்டு எழுதி, எல்லாவற்றையும் கெய்கோ எனப்படும் மரியாதை நடையில் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும். எந்த வகுப்பறையும் எனக்கு இவ்வளவு விரைவாகக் காதைத் திறந்துவிட்டதில்லை.

அதற்காக வகுப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் மூன்று மாதம் மொழிப்பள்ளியில் குறுகிய காலப் படிப்பில் சேர்ந்துவிட்டு, பிறகு வேலைக்குப் போவதே உனக்கு நல்லது. அடித்தளம் இல்லாமல் போனால் பாத்திரம் கழுவும் இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். வினை கடைசியில் வருவதும், வேற்றுமை உருபுகளைப் போன்ற சொற்கள் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வதும் தமிழ் பேசுகிற நமக்குப் புதிதல்ல. ஆகவே இலக்கணம் உன்னை வருத்தாது, கான்ஜி எனப்படும் சீன வழி எழுத்துகள்தான் வருத்தும். அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு வகுத்த பட்டியலிலேயே 2,136 எழுத்துகள் இருக்கின்றன.

ஜேஎல்பிடி எனப்படும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும். எழுது, ஆனால் அதில் பேச்சுத் தேர்வே கிடையாது என்பதையும் நினைவில் வை. பல நிறுவனங்கள் என்2 சான்றிதழ் கேட்கும் என்பது உண்மைதான் என்றாலும், அடிப்படையிலிருந்து தொடங்குகிறவர் ஓராண்டில் அந்த நிலையை எட்டுவது அரிது. அதற்கு ஒரு படி கீழான என்3 கிடைத்தாலே நான் மகிழ்வேன்.

தொழிலைப் பற்றி. கணக்கியலை விடுவதா என்பதை டோக்கியோவில் உட்கார்ந்து யோசித்தாலும் மெல்பர்னில் உட்கார்ந்து யோசித்தாலும் ஒன்றுதான். வேறொரு வேலையை உடம்பால் செய்து பார்த்தால்தான் உனக்கு எது பிடிக்காமல் போனது என்பது தெரியும்: எண்களா, அந்த அலுவலகமா, மனித முகமே பார்க்காத நாள்களா? விருந்தினரை வரவேற்பது உனக்குப் பிடித்துவிட்டால் அதுவே ஒரு விடை. மாலையில் விடுதியின் வரவுசெலவைப் பார்க்கத் துடித்தாய் என்றால் அதுவும் விடைதான். அங்கேயே தங்க மனம் வந்தால், முழுநேர வேலை விசாவுக்கு ஒரு நிறுவனம் உன்னை எடுத்துக்கொள்ள வேண்டும், வேலையும் உன் பட்டத்தோடு பொருந்த வேண்டும். ஆகவே கடைசி மாதம் வரை காத்திராமல் ஏழாம் எட்டாம் மாதத்திலேயே நேர்காணல்களுக்குப் போகத் தொடங்கு.

போய்த் தங்கும் முகவரியை 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் பதிந்துவிடு. தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் அதே நாளில் சேர்ந்துவிடலாம்.

விண்ணப்பத்தோடு பயண நோக்கத்தையும் பயணத் திட்டத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த விசாவின் முதன்மை நோக்கம் விடுமுறை. வேலை அதற்கான செலவை ஈடுகட்ட மட்டுமே. எனவே எனக்கு எழுதியதுபோல் அங்கேயும் 'தொழிலை மாற்ற வருகிறேன்' என்று எழுதிவிடாதே. நீ பார்க்க விரும்பும் ஊர்களையும் மொழிமீது உனக்கு இருக்கும் ஆர்வத்தையும் எழுது. வரைவை எனக்கு அனுப்பினால் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா