ஆறாம் ஆண்டுக்கு எந்தப் பள்ளிக்கூடம்?

அன்பு மகள்,

நீயும் மருமகனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நல்ல சுகம். அப்பா பேரனைக் கூட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போயிருக்கிறார். அந்த இடைவெளியில் இதை எழுதுகிறேன்.

நீ போனில் கேட்டதற்கு அவசரத்தில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் பேரன் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்துவிட்டான், இனிப் பாலத்துக்கு அப்பால் மட்டக்களப்பு நகரில், புளியந்தீவில் பெரிய பள்ளிக்கூடத்தில்தான் சேர்க்க வேண்டும் என்பது உன் எண்ணம். என் எண்ணம் வேறு. ஆறாம் ஆண்டுக்கு இங்கே கல்லடியில் சிவானந்தா வித்தியாலயத்திலேயே சேர்ப்போம்.

புளியந்தீவுப் பள்ளிக்கூடங்களைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்காதே. மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் தொடங்கியது. புனித மிக்கேல் கல்லூரி 1873இல் வந்தது. இயேசுசபைக் குருமார் அங்கே வளர்த்துவிட்ட விளையாட்டுப் பெருமை இன்றும் நிற்கிறது. அந்தக் குருமாரில் ஒருவரான வெபர் பாதிரியாரின் பேரில் உள்ள வெபர் மைதானத்தைக் கடக்கும் ஒவ்வொரு தரமும் அது நினைவுக்கு வரும். சிவானந்தா 1929இல் தொடங்கியது. அதை உருவாக்கிய விபுலானந்த அடிகளும் மிக்கேலில் படித்தவர்தான், பிறகு அங்கே படிப்பித்தும் இருக்கிறார். அதனால் ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்த எனக்கு வாய் வராது. மூன்றுமே இப்போது தேசியப் பாடசாலைகள்.

நீ பார்ப்பது ஓ.எல். (சாதாரணதரம்), ஏ.எல். (உயர்தரம்) பரீட்சைப் பெறுபேறு. எத்தனை பேருக்கு ஒன்பது ஏ, எத்தனை பேர் மருத்துவபீடம் என்று பேப்பரில் படத்தோடு வருகிறதே, அது. ஐந்தாம் ஆண்டிலேயே கூடப் புள்ளி எடுத்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளிக்கூடத்தில் பெறுபேறு நன்றாகத்தான் இருக்கும். ஆறிலிருந்து ஒன்பது வரை அங்கே என்ன நடக்கிறது என்பதை அந்தப் படம் சொல்லாது.

கணிதம் படிப்பித்த எனக்கு அந்த நாலு வருடம்தான் பயம். புலமைப்பரிசில் முடிந்தால் அடுத்த அரசாங்கப் பரீட்சை பதினோராம் ஆண்டில் வரும் ஓ.எல்.தான். நடுவில் கேட்பார் இல்லை. கெட்டிக்கார ஆசிரியர்களைப் பெரும்பாலும் பத்து, பதினொன்றுக்கும் உயர்தரத்துக்கும் போட்டுவிடுவார்கள். அட்சரகணிதம் (அல்ஜிப்ரா) தொடங்குவதோ இந்தச் சின்ன வகுப்புகளில். அங்கே விட்டதைப் பத்தாம் ஆண்டில் ரியூஷன் காசு கொட்டியும் பிடிக்க முடியாமல் தவித்த பிள்ளைகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

போன கிழமை நம் ஒழுங்கையில் இரண்டு பையன்களின் கணிதக் கொப்பிகளை வாங்கிப் பார்த்தேன். வேறு வேறு பள்ளிக்கூடம், ஒரே பாடம். இருவருமே அடைப்பை நீக்கும்போது உள்ளே இருந்த குறியை மாற்ற மறந்திருக்கிறார்கள். ஒரு கொப்பியில் பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் ஒரு பெரிய சரி, திகதி, கையெழுத்து. பிழை அப்படியே இருக்கிறது. மற்றதில் அந்தக் குறியை மட்டும் வட்டமிட்டு, ‘திரும்பச் செய்க’ என்று எழுதியிருக்கிறது. கீழே அவன் திரும்பச் செய்தும் இருக்கிறான். எந்தக் கொப்பி எங்கே என்று எழுத மாட்டேன். அது அந்தந்த ஆசிரியரைப் பொறுத்தது, எந்தப் பள்ளிக்கூடத்திலும் இரண்டும் இருக்கும். பேருக்காக மட்டும் பாலம் தாண்டி அனுப்பத் தேவையில்லை என்று நான் சொல்வது அதனால்தான்.

பாலத்தையும் யோசி. 2013இல் புதுப் பாலம் திறந்ததால் நெரிசல் குறைந்தது உண்மைதான். ஆனாலும் ஸ்கூல் வேன் ஊரெல்லாம் சுற்றி ஏற்ற வேண்டும். பள்ளிக்கூடம் ஏழரைக்கு என்றால் அவன் விடியவே எழும்ப வேண்டும். மாரி மழையில் கேட்கவே வேண்டாம். சிவானந்தா என்றால் சைக்கிளில் போய்வருவான், பின்னேரம் விளையாட நேரம் கிடைக்கும். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை. நானும் அவன் கொப்பியை நாளாந்தம் பார்க்கலாம், ஏதும் குறை என்றால் அப்பா நடந்தே போய் வகுப்பாசிரியரைக் காணலாம். நீங்கள் இருவரும் தூரத்தில் இருக்கும்போது இது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஒன்று மட்டும் என்னை யோசிக்க வைக்கிறது. அவனுக்குக் கூடைப்பந்தில் ஆசை வந்திருக்கிறது. அதற்கு மிக்கேல்தான் என்று அவனுடைய கூட்டாளிமார் சொல்லி வைத்திருக்கிறார்கள், அது பிழையும் இல்லை. அந்த ஆசை நிலைத்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். இல்லாவிட்டால் ஓ.எல். எழுதிய பிறகு உயர்தரத்துக்கு மாறலாம், நிறையப் பேர் அப்படி மாறுகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை அப்பாவும் நானும் சிவானந்தாவுக்குப் போகிறோம். ஆறாம் ஆண்டில் ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், கணிதமும் ஆங்கிலமும் யார் எடுக்கிறார்கள், சில பாடங்களை ஆங்கிலத்தில் படிப்பிக்கும் இருமொழி வகுப்பு உண்டா என்று கேட்டு வருவோம். மிக்கேலிலும் இதையே கேட்கிறேன், உனக்காக. விண்ணப்பத்தில் பள்ளிக்கூடங்களை எந்த ஒழுங்கில் போடுவது என்று மருமகனோடு கதைத்து ஞாயிறு இரவு போன் எடு. அதற்கு முதல் அவனோடும் ஒருக்கால் கதை. புள்ளியைப் பற்றி வேண்டாம், அவனுக்கு எங்கே போக விருப்பம் என்று மட்டும் கேள்.

அன்புடன்,
அம்மா