அச்சுக்கடை மணிக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் உள்ள எங்கள் அச்சுக்கடையில் இப்போது ஒரு சின்ன நிரல் ஓடுகிறது. மாடியில் வடிவமைப்பாளர் அழைப்பிதழை முடித்துக் கோப்புறையில் போட்டதும், கீழே கல்லாவில் இருக்கும் லினக்ஸ் கணினியில் அறிவிப்பு வரும், மணியும் அடிக்கும். தீபாவளி நேரத்தில் "ரெடியா, ரெடியா" என்று மாடிப்படியில் நின்று கத்த வேண்டியதில்லை.

முதல் நன்றி, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மென்பொருள் சோதனை செய்யும் அக்காவுக்கு. அவர் ஒரு வரிகூட எழுதித் தரவில்லை. அதற்காகவே நன்றி. லினக்ஸில் நிரல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும் வழிக்கு டி-பஸ் என்று பெயர், எங்கள் நிரலும் அதில்தான் பேசுகிறது. "முதல்ல பஸ்ல என்ன ஓடுதுன்னு பாருங்க தம்பி, அப்புறம் எழுதலாம்" என்று டி-பஸ் செய்திகளைக் காட்டும் கருவியைத் திறந்து உட்காரவைத்தார். பென்டிரைவைச் செருகினால், கணினி முழுவதற்கும் பொதுவான சிஸ்டம் பஸ்ஸில் வரிவரியாகச் செய்தி ஓடுகிறது. அறிவிப்பு வந்தால் அது, உள்நுழைந்திருக்கும் பயனருக்கான செஷன் பஸ்ஸில். இணையும் ஒவ்வொரு நிரலுக்கும் முக்காற்புள்ளியில் தொடங்கும் ஓர் எண் பெயராகக் கிடைக்கிறது. வேண்டுமானால் எல்லாருக்கும் தெரிந்த பெயர் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கையேட்டை எத்தனை முறை படித்தாலும் இவ்வளவு தெளிவு வந்திருக்காது.

ஒரு நிரலிடம் வேலை சொல்லிப் பதில் வாங்கும் மெத்தட் அழைப்பா, சிக்னலா என்று நான் குழம்பியபோதும் அக்காதான். சிக்னல் என்பது கோவில் ஒலிபெருக்கி மாதிரி, கேட்கிறவர் கேட்கட்டும், பதிலுக்கு யாரும் காத்திருப்பதில்லை என்றார். அதனால்தான் கோப்புறையைக் கவனிக்கும் நிரல் "வேலை தயார்" என்று சிக்னல் விடுவதோடு நின்றுவிடுகிறது. பிறகு முதலாளி அண்ணன் மணியும் வேண்டும் என்றபோது, கேட்கும் நிரல் இன்னொன்று சேர்த்தோம். முதல் நிரலைத் தொடவே இல்லை.

அடுத்து, பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பிக்கு. பைத்தான் மொழியில் சிக்னலைக் கேட்க, பஸ்ஸில் இணைவதற்கு முன்பே, செய்தி வருகிறதா என்று காத்துக்கொண்டே இருக்கும் மெயின் லூப்பை அமைக்க வேண்டும் என்று சொன்னவர் அவர். அறிவிப்பு காட்டும் நோட்டிஃபை அழைப்புக்கு எட்டு மதிப்புகள் தேவை. அதில் இரண்டாவது, பழைய அறிவிப்பின் எண். முதலில் பூஜ்யம் கொடுக்கிறோம். பதிலாக வரும் எண்ணை அடுத்த முறை கொடுத்தால் பழையதன் இடத்திலேயே புதியது வருகிறது. இல்லையென்றால் திரை முழுக்க அறிவிப்புகள் குவிந்திருக்கும்!

2002-ல் டி-பஸ்ஸைத் தொடங்கிய ஹேவக் பென்னிங்டனுக்கும் அவருடைய தோழர்களுக்கும் சேர்த்தே கும்பிடு. இந்த மடல் அவர்கள் கண்ணில் படாது, பரவாயில்லை.

நிரல் வேண்டுபவர்கள் பென்டிரைவோடு கடைக்கு வரலாம். அக்கா வீட்டு விசேஷத்துக்கு அழைப்பிதழ் எங்கள் செலவு. வேண்டாம் என்று சொல்லக்கூடாது.